மூட்டுவலிக்காரர் வீட்டுக்கு மெடிக்ளெய்ம் குறிப்புகள்

1. மருந்துக்கடை பில்லில் எழுத்து ஆறே மாதத்தில் மங்கி, வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, டாக்டர் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள்.

2. சாதாரண பாலிசி தருவது படுக்கைக்கு. மாதாமாதம் போகும் மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் தராது. ஆனால் ஆபரேஷன் என்று சேர்ந்தால், பெரும்பாலான பாலிசிகளில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள் செலவும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் பிசியோதெரபியை எத்தனை நாள் என்று எழுதி வாங்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதீர்கள்.

3. ஸ்கேனுக்காக மட்டும் ஒருநாள் அட்மிட் ஆனால் பணம் வராது. எங்கள் கொழுந்தனார் முதுகுவலிக்கு இப்படிப் படுத்து, அறை வாடகையும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தார்.

4. எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் கேட்டால் நிஜமான மாதம், வருஷத்தைச் சொல்லுங்கள். என் மாமியார் "அது ஆச்சு ரொம்ப வருஷம்" என்று இழுக்க, கேஸ் ஷீட்டில் பத்து வருஷம் என்று ஏறிவிட்டது. பாலிசி எடுத்தது அதற்குப் பிறகு. அப்புறம் கேட்க வேண்டுமா! வலி முன்பே இருந்தால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருஷம்தான், முன்பு நான்கு.

5. அறை வாடகைக்கு வரம்பு உள்ள பாலிசியில் டீலக்ஸ் அறைக்கு ஆசைப்பட வேண்டாம். வாடகை வித்தியாசத்தோடு போகாது, டாக்டர் ஃபீஸிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும்.

6. கிளெய்மை மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்குப் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

7. அறுபது தாண்டிய அப்பா, அம்மாவுக்குப் பாலிசியே இல்லையா? அவர்கள் மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை 80டி பிரிவில் வரிக்கழிவு கேட்கலாம், பழைய வரிமுறையில் இருப்பவர்கள் மட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது, ஜிபேயில் கட்டுங்கள்.

8. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால், தனியாரிடம் பிரீமியம் கட்டும் முன் முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் அதில் இருக்கிறது.