சிவகாசி: மக்கள்தொகையும் தொழிலும் தரும் பாடம்



ஓர் ஊருக்கு எவ்வளவு சரக்கு அனுப்பலாம், எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய இரண்டு விவரம் தெரிய வேண்டும். அந்த ஊர் எந்தத் தொழிலால் பிழைக்கிறது? அதில் உழைப்பவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? இதற்குச் சிவகாசி நல்ல உதாரணம்.

சிவகாசி மழை குறைந்த கரிசல் பூமி. 1920களின் தொடக்கத்தில் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். பயிரைக் காய வைத்த அதே வெயில், குச்சியையும் மருந்தையும் காய வைக்க உதவியது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. அச்சுத் தொழில் வளர்ந்தது. மருந்து கையாளப் பழகிய ஊரில் பட்டாசும் பெருகியது. நம் கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் பெரும்பகுதி அங்கே அச்சானதுதான்.

இனி மக்கள்தொகைக்கு வருவோம். 2001 கணக்கெடுப்பில் சிவகாசி நகராட்சியில் 72,170 பேர். 2011இல் 71,040 பேர். இதைப் பார்த்து, ஊர் தேய்கிறது என்று நாங்கள் சரக்கைக் குறைத்தோம். அது தவறு. ஜனம் குறையவில்லை, நகராட்சி எல்லையைத் தாண்டிக் குடியேறியிருந்தது. திருத்தங்கலையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் 2011இலேயே 2,34,688 பேர். நாங்கள் விட்ட வியாபாரத்தை வேறு மண்டிக்காரர் பிடித்துக்கொண்டார். 2021இல் திருத்தங்கல் நகராட்சியும் இணைந்து சிவகாசி மாநகராட்சியானது.

அடுத்தது கடன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் கலக்கத் தடை விதித்தது. அதன் பின் ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. எங்களிடம் வாரந்தோறும் நாணயமாகப் பணம் கட்டி வந்த மளிகைக்காரர் ஒருவர் அப்போது கட்ட முடியாமல் தவித்தார். அவரிடம் பற்று வைத்த தொழிலாளிக்கே கூலி இல்லாதபோது அவர் என்ன செய்வார்? நாங்கள் சரக்கை அடியோடு நிறுத்தவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் பாதி அளவில் அனுப்பினோம். 2019இல் ஆலைகள் திறந்தபின் சிறுகச் சிறுகப் பாக்கி முழுவதையும் அடைத்தார். இன்றும் எங்கள் வாடிக்கையாளர்.

ஆகவே, உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. நகர எல்லைக்குள் உள்ள தொகையை மட்டும் பார்க்காதீர்கள். சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2. ஒரே தொழிலை நம்பிய தெருவில் பற்றுக்கு வரம்பு வையுங்கள். தீபாவளி போனஸ் வரும்போதே பழைய பாக்கியை வசூலித்துவிடுங்கள்.

3. ஆலை மூடினால் ஆளைக் கைவிடாதீர்கள். சரக்கைக் குறையுங்கள், உறவை முறிக்காதீர்கள்.

ஊர் பிழைத்தால்தான் கடை பிழைக்கும்.