ஏரிக்கரை ஆற்றலரி: களையா, காவலா?

புதுவைப் பகுதியில் சம்பாப் பயிருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே உயிர். அந்த மழை ஏரியில் சேர்ந்து, மதகு வழியாக வாய்க்காலில் இறங்கி, கடைமடை வரை தடையின்றிச் செல்ல வேண்டும். வழியில் அதைத் தடுத்து நிற்கும் செடிகளுள் ஒன்று ஆற்றலரி. அபிஷேகப்பாக்கம், பாகூர், வில்லியனூர் வட்டாரங்களில் ஏரி, குளம், வாய்க்கால் ஓரங்களில் சிவந்த தண்டும் இளஞ்சிவப்புப் பூங்கதிருமாக இடுப்பளவு வளர்ந்து நிற்கும் இச்செடியைக் காணாத விவசாயி இல்லை. ஆயினும் இது எந்த இனத்தைச் சேர்ந்தது, எதற்குப் பயன்படும், எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. இதைச் சரியாக இனம் கண்டுகொள்ளாவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரிடவும் கூடும். ஆகவே இச்செடியைப் பற்றி ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் தெரிந்துகொள்ளுதல் நன்று.

எந்தக் குடும்பம்?

வட இந்தியாவில் விரத நாட்களில் கோதுமை, அரிசியைத் தவிர்ப்போர் 'கூட்டு' என்னும் தானியத்தின் மாவில் ரொட்டி செய்து உண்பர். இமயமலைச் சரிவுகளில் இது பயிராகிறது. தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் சிறு அளவில் பயிரிடப்பட்டதுண்டு. தானியம் என்று வழங்கினாலும் இது நெல், கேழ்வரகு போன்ற புல்லினம் அன்று. 'பாலிகோனேசியே' என்ற தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஏரிக்கரை ஆற்றலரியும் அதே குடும்பமே. கூட்டுப் பயிர் மலையேறிய உறவினர் என்றால், ஆற்றலரி நீர்க்கரையில் தங்கிவிட்ட உறவினர் எனலாம்.

இக்குடும்பத்தில் சுமார் 1,200 இனங்கள் உள்ளன. புளிப்புச் சுவையுள்ள சுக்கான்கீரை, மருந்துக் கடையில் விற்கும் இரேவல்சின்னி, வீட்டு வேலியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் கொடி ரோஜா ஆகியவை இதைச் சேர்ந்தவை. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் லக்சா குழம்பில் இடும் 'கெசும்' இலை ஆற்றலரிக்கு மிக நெருங்கிய இனம். ஜப்பானில் துணிக்கு நீலச் சாயம் எடுக்கப் பயிரிடும் செடியும் அவ்வாறே.

இவை அனைத்திலும் காட்டில் வளரும் இனங்களை அற்பமாக எண்ணுதல் கூடாது. கூட்டுப் பயிரின் காட்டு மூதாதையை ஓமி ஓனிஷி என்ற ஜப்பானிய அறிஞர் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் 1990-ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார். பல நூற்றாண்டுகளாக மக்கள் உண்டுவந்த ஒரு பயிரின் தாய்ச்செடி, யாரும் கவனியாத களையாக அதுவரை நின்றிருந்தது.

செடியின் அமைப்பு

ஆற்றலரியின் தாவரப் பெயர் 'பெர்சிகேரியா கிளாப்ரா'. பழைய நூல்களில் 'பாலிகோனம் கிளாப்ரம்' என்று இருக்கும். 'பாலிகோனம்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் 'பல முழங்கால்' என்று பொருள் கூறுவர். தண்டைப் பார்த்தால் பொருள் விளங்கும். கணுக்கள்தோறும் தண்டு முழங்கால்போல் பருத்திருக்கும்.

செடி மூன்று முதல் ஐந்து அடி உயரம் வளரும். இலைகள் ஈட்டிபோல் நீண்டு, ஒரு சாண் வரை இருக்கும். மயிர் இன்றி வழவழப்பாக இருக்கும். இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமையும். தண்டின் நுனியில் மெல்லிய பூங்கதிர்கள் தோன்றும். பூ வெண்மை அல்லது இளஞ்சிவப்பு நிறம். விதை மிகச் சிறியது. கரும்பழுப்பு நிறத்தில் பளபளக்கும்.

இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றையும் அடையாளம் காட்டும் ஓர் உறுப்பு உண்டு. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில், கணுவுக்கு மேலே மெல்லிய சவ்வு ஒன்று குழாய்போல் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். இதைக் கணுவுறை என்று வைத்துக்கொள்ளலாம். வளையல் போட்ட கைபோல ஒவ்வொரு கணுவிலும் இது காணப்படும். முற்றிய செடியில் காய்ந்து பழுப்பாகத் தோன்றும்.

இதனோடு சேர்ந்தே வளரும் மற்றோர் இனம் 'பெர்சிகேரியா பார்பேட்டா'. இதையும் ஆற்றலரி என்றே அழைப்பர். 'பார்பேட்டா' என்றால் தாடியுள்ளது என்று பொருள். இதன் கணுவுறையின் விளிம்பில் நீண்ட மயிர்கள் தாடிபோல் நிற்கும், இலையிலும் மயிர் உண்டு, பூ வெண்மை, விதை மூன்று பட்டையாக இருக்கும். கூட்டுத் தானியமும் மூன்று பட்டையுள்ளதே என்பதை நினைவிற் கொண்டால் உறவு விளங்கும்.

அரளியோடு குழப்பம் வேண்டாம்

அலரி என்பது அரளிக்கு மற்றொரு பெயர். இலை அரளி இலைபோல் நீண்டிருப்பதாலும், ஆற்றோரத்தில் வளர்வதாலும் இச்செடிக்கு ஆற்றலரி என்ற பெயர் அமைந்தது. இந்தப் பெயர் ஒற்றுமைதான் ஆபத்து. "வயிற்று வலிக்கு ஆற்றலரி இலை நல்லது" என்று யாரோ சொல்லக் கேட்டு, வீட்டு வாசலில் நிற்கும் அரளி இலையைப் பறித்துக் கஷாயம் வைத்தால் உயிர் போய்விடும். அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவது. இலையைக் காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் நஞ்சு நீங்காது.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. செவ்வரளி, வெள்ளரளியில் ஒரு கணுவில் மூன்று இலைகள் சேர்ந்து வட்டமாக அமையும். இலை தோல்போல் தடித்திருக்கும். ஆற்றலரியில் கணுவுக்கு ஓர் இலையே. மஞ்சள் அரளியின் இலைகளும் தனித்தனியாக அமைவதால் இலையின் அமைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. கணுவைத்தான் பார்க்க வேண்டும். அரளி எதிலும் கணுவுறை கிடையாது. கணுவுறை இல்லாத செடி ஆற்றலரி அன்று. இதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தல் வேண்டும்.

தவறுதலாக அரளியை உட்கொண்டது தெரிந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உட்கொண்ட இலையில் மீதி இருந்தால் அதையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

பழைய பயன்கள்

நாட்டு வைத்தியத்தில் ஆற்றலரி இலைச் சாற்றை வயிற்று வலிக்கும் காய்ச்சலுக்கும், வேரை மூலம், காமாலை ஆகியவற்றுக்கும் பயன்படுத்தியதாக மருந்துச் செடி நூல்கள் கூறுகின்றன. தாடி ஆற்றலரியின் வேர் துவர்ப்பும் குளிர்ச்சியும் உடையது என்றும், இலையை அரைத்துப் புண்ணுக்குப் பூசுவர் என்றும் குறிப்புகள் உண்டு. இவை பழைய வழக்கங்களே. எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கலாகாது என்பதைத் தேர்ந்த சித்த மருத்துவர் அறிவார். தாமாக உட்கொள்ளுதல் கூடாது. அதிலும் கழிவுநீர் கலக்கும் வாய்க்காலில் வளர்ந்த செடியை மருந்துக்கென எடுப்பது பெருந்தவறு.

கூட்டுக்கு உறவு என்பதால் இதன் விதையையும் உண்ணலாமே என்று எண்ண வேண்டாம். விதை மிகச் சிறியது. நம் பக்கத்தில் அதை உண்ணும் வழக்கமும் இல்லை. நீர்மிளகு என்ற நெருங்கிய இனம் நாக்கைச் சுடும் காரம் உடையது. ஆசிய நாடுகள் சிலவற்றில் அதை இடித்து நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பதுண்டு. மாடுகளும் ஆற்றலரியைப் பொதுவாக விரும்பி மேய்வதில்லை. கூட்டுப் பயிரைப் பச்சையாக மிகுதியாக மேய்ந்த வெள்ளைத் தோல் கால்நடைகளுக்கு வெயில் பட்டதும் தோல் வெந்துபோவது அறியப்பட்ட நோய். ஆகையால் இக்குடும்பச் செடிகளை அறுத்துப் பசுந்தீவனமாகப் போடாதிருப்பதே நல்லது.

கரையில் காவல்

புதுவைப் பகுதியில் 84 பாசன ஏரிகள் உள்ளன. அவற்றின் கரைகளில் நெய்வேலிக் காட்டாமணக்கும், நீரில் ஆகாயத்தாமரையும் பரவிக் கிடப்பதைக் காண்கிறோம். அவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஆற்றலரி இம்மண்ணுக்கு உரியது. ஏரிக்கரையின் நீர்ப்பக்கத்தில் அலை மோதும் இடத்தில் இதன் வேர்கள் மண்ணைப் பற்றி அரிப்பைக் குறைக்கின்றன. பூவில் தேன் எடுக்கத் தேனீக்கள் வரும். விதையை நீர்வாத்துக்கள் தின்னும். ஊசுட்டேரி 2008-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாகூர் ஏரிக்கும் குளிர்காலத்தில் பறவைகள் வருகின்றன. அவற்றுக்கு இரையும் மறைவிடமும் தருவன இத்தகைய கரைச்செடிகளே. எனவே ஏரிக்கரையில் உள்ள ஆற்றலரியை வேரோடு அழித்துக் கரையை மொட்டையாக்க வேண்டியதில்லை.

வாய்க்காலில் களை

வாய்க்காலில் நிலை வேறு. அடர்ந்து நிற்கும் தண்டுகள் நீரின் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் வண்டல் படியும். படிந்த வண்டலில் செடி மேலும் வேர் ஊன்றும். இவ்வாறு ஆண்டுதோறும் வாய்க்கால் மேடாகிக் கடைமடைக்கு நீர் எட்டாமற் போகும். மேல்மடையில் உள்ளவருக்கு இது தெரியாது. சம்பா கதிர் விடும் தருணத்தில் நீரின்றி நிற்கும் கடைமடைச் சிறு விவசாயிக்குத்தான் தெரியும்.

இதைக் கட்டுப்படுத்தும் முறைகள் வருமாறு:

1. வாய்க்கால் வறண்டிருக்கும் ஆனி, ஆடி மாதங்களில், விதை உதிருமுன் செடிகளை அகற்ற வேண்டும். மதகு, கலங்கல், வாய்க்காலின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் ஒரு செடியும் இருத்தலாகாது.

2. அரிவாளால் அறுத்துவிட்டால் போதாது. அடிக்கணுக்கள் வேர்விடும் தன்மை உடையவை. மண்வெட்டியால் அடிக்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும்.

3. வெட்டிய தண்டுகளை நீரிலோ ஈரச் சேற்றிலோ போடக் கூடாது. ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடியாகலாம். குளத்தில் போட்டால் அழுகி, நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் சாகும். கரைமேல் மேடான இடத்தில் ஒரு வாரம் வெயிலில் காயவிட வேண்டும்.

4. ஏரியிலும் வாய்க்காலிலும் களைக்கொல்லி தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். அந்த நீரைக் கால்நடைகள் குடிக்கின்றன. அதில் மீன் வாழ்கிறது. அதுவே வயலுக்கும் பாய்கிறது. 2,4-டி போன்ற மருந்து காற்றில் சிதறிப் பட்டாலே அருகிலுள்ள பருத்தியும் காய்கறிப் பயிர்களும் கருகிச் சுருளும்.

5. ஒருவர் தம் வயலுக்கு எதிரே மட்டும் சுத்தம் செய்வதால் பயன் இல்லை. மேலே எஞ்சிய செடியின் விதை நீரில் மிதந்து கீழே வந்து சேரும். ஆயக்கட்டுதாரர் அனைவரும் ஒரே வாரத்தில், மதகிலிருந்து தொடங்கிக் கடைமடை வரை சேர்ந்து செய்தல் வேண்டும்.

களையிலிருந்து எரு

அகற்றிய செடியைக் கொளுத்த வேண்டாம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி எடுத்து, காய்ந்த செடியை அரை அடி கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் சாணக் கரைசலைத் தெளித்து, சிறிது மண் தூவ வேண்டும். இவ்வாறே குழி நிறையும் வரை அடுக்கி, மேலே சேற்றால் மெழுகிவிடலாம். 45 நாட்களில் ஒரு முறை கிளறி, ஈரம் குறைந்திருந்தால் நீர் தெளித்து மீண்டும் மூட வேண்டும். மூன்று, நான்கு மாதங்களில் மக்கிய எரு கிடைக்கும். ஆடியில் குழி நிரப்பினால் நவரைப் பட்டத்துக்கு எரு ஆயத்தமாகிவிடும். விதை முற்றிய கதிர்களை மட்டும் குழியில் சேர்க்காமல் தனியே எரித்துவிடுதல் நலம்; இல்லையேல் எருவோடு விதையும் வயலுக்குச் சென்றுவிடும்.

செடியை அடையாளம் காண்பதில் ஐயம் இருந்தால், கணுவும் பூவும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளில் மடித்துக் குரும்பாபேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள உழவர் உதவியகத்திலோ காட்டிக் கேட்டறியலாம்.

ஆற்றலரி கரையில் நின்றால் மண்ணுக்குக் காவல். வாய்க்காலில் நின்றால் கடைமடைக்குத் தடை. குழியில் மக்கினால் வயலுக்கு எரு. இடமறிந்து வைப்பதும், கணுவறிந்து பிரிப்பதும் விவசாயிகளின் கையில் உள்ளன.