வெள்ளைப் பூச்சுக்கு அடியில்

அன்புள்ள பேத்திக்கு,

பிரான்சில் தேவாலயம் என்றால் பாரிசின் நோத்ரு தாம்தான் தெரியும் என்று எழுதியிருந்தாய். பேராலயங்களைப் பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. நான் ஒரு கிராமத்துக் கோயிலைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

பிரான்சின் நடுப்பகுதியில், பெரி வட்டாரத்தில் விக் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனித மார்ட்டின் தேவாலயம் வெளியே பார்த்தால் சாதாரணக் கல் கட்டடம். உள்ளே பீடத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். பெரும்பாலும் காவியும் மஞ்சளும் வெள்ளையும்தான். அதற்குள்ளேயே மூன்று ஞானிகள், இயேசுவின் கடைசி இராவுணவு, யூதாசின் முத்தம் எல்லாம் வந்துவிடுகின்றன. எழுத்தறியாத உழவர்களுக்கு அந்தச் சுவரே வேதப் புத்தகம்.

அந்தச் சுவரோவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மார்ட்டின் கதை. தூர் நகரின் ஆயரான அவர் 397இல் காந்த் என்ற ஊரில் இறந்தார். உடல் எங்களுக்குத்தான் என்று தூர்க்காரர்களும் புவாத்தியேக்காரர்களும் மல்லுக்கு நின்றார்கள். இரவில் புவாத்தியேக்காரர்கள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, தூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியாக வெளியே இறக்கிப் படகில் கொண்டுபோய்விட்டார்களாம். புனிதர் கதையில் இப்படி ஊர்ச் சண்டையையும் ஒளிக்காமல் தீட்டியிருக்கிறானே, அந்த ஓவியனை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. அவன் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். படங்கள் மறைந்தன, ஊரும் மறந்தது. 1849இல் பங்குத்தந்தை பெரிகோ அந்தப் பூச்சுக்கு அடியில் வண்ணம் இருப்பதைக் கண்டார். பக்கத்து நோஆனில் வாழ்ந்த எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் அம்மையார் விஷயத்தைப் புரோஸ்பெர் மெரிமேக்குத் தெரிவித்தார். ‘கார்மென்’ கதை எழுதியவர்தான் மெரிமே. 1834 முதல் அரசின் வரலாற்றுச் சின்னங்களுக்குத் தலைமை ஆய்வாளர். கோயில் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. கண்ட ஒருவர் வாய் திறந்தார், கேட்டவர் எழுதினார், அதிகாரம் உள்ளவர் அசைந்தார். மூவரில் ஒருவர் சும்மா இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ!

அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 சட்டத்துக்குப் பிறகு பிரான்சில் இத்தகைய பழைய பங்குக் கோயில்கள் பெரும்பாலும் ஊராட்சிகளின் சொத்து. கூரை ஒழுகினால் சரிசெய்வது சிற்றூரின் பொறுப்பு. சில நூறு பேர் வாழும் ஊருக்கு அது பெரிய சுமை.

என்றாவது அந்தப் பக்கம் போனால், நோஆனில் ஜார்ஜ் சாண்ட் வீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதே, கண்ணு. விக்குக்கும் போ.

அன்புடன்,
உன் தாத்தா