பெட்டி மேல சவாரி... காதுக்கு என்ன சேதி?

துபாயில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் கேட் தேடி நடக்கிறீர்கள். திடீரென்று ஒரு பெட்டி, உங்கள் முழங்காலை உரசாத குறையாக விர்ரென்று தாண்டிப் போகிறது. அதன்மேல் ஜம்மென்று ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்! 'தாத்தா, பெட்டி தானா ஓடுது பாரு!' என்று பேத்தி கைதட்டுகிறாள்.

பெட்டிக்குச் சக்கரம் வைத்து பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது 1972-ல். 1987-ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி, நீளக் கைப்பிடி வைத்தார். இப்போது மோட்டாரும் வந்தாச்சு. மணிக்கு 13 கிலோமீட்டர் வரை ஓடும் பெட்டிகள் இருக்கின்றன. நாம் நடப்பது நாலு, அஞ்சுதான்.

சரி, இது எவ்வளவு சத்தம் போடும்? மோட்டாரிலிருந்து மெல்லிய 'ங்ய்ய்' என்ற ரீங்காரம் வரும். சக்கரம் உருளும் 'கடகட' தனி. கல் இணைப்பிலோ, பார்வையற்றோருக்காகப் பதித்த மேடுகளிலோ ஏறினால் 'தடதட'தான். வேகம் கூடக் கூட அந்தச் சத்தமும் கூடும். கார்ப்பெட் விரித்த இடத்தில் அதே பெட்டி பரம சாது. ஆகவே மோட்டாரை மட்டும் திட்டிப் பயனில்லை.

இங்கே டெசிபல் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பெட்டி 70 டெசிபல் சத்தம் போட்டால், ரெண்டு பெட்டி 140 டெசிபலா? இல்லீங்க, 73தான்! சத்தத்தின் சக்தி இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். 70 டெசிபல் 80 ஆனால், சக்தி பத்து மடங்கு. ஆனால் நம் காதுக்கு அது ஏறக்குறைய ரெண்டு மடங்காகத்தான் தோன்றும். இப்படிக் காது நம்மை ஏமாற்றுவதால்தான், 'இது ஒண்ணும் பெரிய சத்தமில்லையே' என்று இருந்துவிடுகிறோம்.

இதனால் காது கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். நாளெல்லாம் இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கே 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதுதான் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் எல்லை. நிமிஷத்தில் கடந்து போகும் பெட்டி எந்த மூலைக்கு?

பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. வயதானால் முதலில் மங்குவது மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள். 'ச', 'த', 'ஃப்' போன்ற மெய்யெழுத்துகளின் ஒலி அங்கேதான் இருக்கிறது. அதனால் 'பேசுறது கேட்குது, என்னன்னு புரியலை' என்பார்கள். அந்த நேரம் பார்த்து நாலு பெட்டி கடகடவென்று போனால், 'பிஃப்டீன்' என்ற அறிவிப்பு 'பிஃப்டி' ஆகிவிடும். கண்ணாடிச் சுவர், கிரானைட் தரை, உயரக் கூரை எல்லாம் சேர்ந்து சத்தத்தை எதிரொலித்து நீட்டும். காதுக்கருவி போட்டவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அது அறிவிப்போடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

அப்படியானால் பெட்டி சத்தமே போடாமல் ஓடினால் நல்லதா? அதிலும் ஒரு வம்பு! பின்னால் வருவது காதில் விழாவிட்டால் எப்படி ஒதுங்குவது? மின்சாரக் கார்களில் இதே சிக்கல் வந்தது. 2016-ல் ஐ.நா. வகுத்த விதிப்படி, அவை 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறைந்தது 50 டெசிபல் சத்தம் எழுப்ப வேண்டும். பெட்டிக்கு அந்த விதி பொருந்தாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு இடி போதும், இடுப்பு எலும்பு முறிய.

ஜப்பானில் இதைச் சீரியஸாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒசாகாவில் மோட்டார் பெட்டியை நடைபாதையில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்காக, வெளிநாட்டு மாணவி ஒருவர் மீது 2024-ல் போலீஸ் வழக்குப் போட்டது. அந்த ஊர்ச் சட்டப்படி அது மோட்டார் சைக்கிள் மாதிரி! கன்சாய், சூபு விமான நிலையங்களும் உள்ளே இதில் சவாரி வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டன.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று வாங்க ஆசைப்பட்டால், கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் வேண்டாம். ரப்பர் போல மெத்தென்ற, கொஞ்சம் பெரிய சக்கரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி கழற்ற வருகிறதா என்பதும் முக்கியம். பெட்டியை லக்கேஜில் போடும்போது பேட்டரியைக் கழற்றிக் கையோடு கேபினுக்குள் கொண்டுபோகணும். கூட்டத்தில் ஏறி ஓட்டாமல், இழுத்துக்கொண்டே போகட்டும்.

வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போனால், நடைபாதை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். சுவர்ப் பக்கமாக, நேரப் பலகை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். அறிவிப்பை விடப் பலகையை நம்பலாம். காதின் படத்துக்குக் குறுக்கே கோடு போட்ட பலகை தென்பட்டால், அங்கே காதுக்கருவிக்கான 'லூப்' வசதி இருக்கலாம். கருவியில் 'டி' என்ற அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அறிவிப்பு நேரே காதுக்கு வரும், கடகட சத்தம் குறையும். அந்த அமைப்பு இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே ஆடியாலஜிஸ்டிடம் கேட்டு வைத்துவிடுங்கள்.