ஆயுளை நீட்டும் மாத்திரை என்னும் மயக்கம்

கல்யாணப் பந்தியிலும், ரயில் பிரயாணத்திலும், நன்கு படித்த சிநேகிதர்கள் கூடிப் பேசும் இடங்களிலும் சில ஆண்டுகளாக ஒரே அபிப்பிராயம் வேதவாக்கைப்போல் என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. உடம்புக்குள் ஊறும் ஒருவகை விஷம் நம் டி.என்.ஏ.யை அரிப்பதால்தான் மூப்பும் புற்றுநோயும் வருகின்றனவாம். ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை தினம் ஒன்று போட்டுக்கொண்டால் அந்த விஷம் முறிந்து, இரண்டும் அண்டாமல் விலகிவிடுமாம். டி.என்.ஏ. பழுதுபடும் விதத்தையும் அது செப்பனிடப்படும் விதத்தையும் மாணவர்களுக்குப் போதிப்பதையே தொழிலாகக் கொண்டவன் இதைக் கேட்டும் கேளாதவன்போல் இருந்துவிடுவது தர்மமாகாது. பென்ஷன் பணத்தில் ஒரு பங்கை மாதந்தோறும் இந்தப் புட்டிகளுக்குக் கொடுக்கும் பெரியவர்களைப் பார்த்தால் வருத்தமும், அவற்றை அவர்களுக்குச் சிபாரிசு செய்யும் படித்தவர்களைப் பார்த்தால் கோபமும் எனக்கு உண்டாகின்றன.

இந்த நம்பிக்கைக்கு விஞ்ஞானத்தில் ஒரு வேர் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவிலிருந்து உயிரணுவுக்குள்ளேயே பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்னும் மூர்க்கமான மூலக்கூறுகளே முதுமைக்குக் காரணம் என்று 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கொள்கையை வெளியிட்டார். காய்கனிகளை நிறையப் புசிப்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்ற கணக்கும் பின்னர் அதனோடு சேர்ந்துகொள்ளவே, காய்கனிகளின் குணத்தைச் சாறாக வடித்து மாத்திரையில் அடைத்துவிட்டால் போதும் என்று விஞ்ஞானிகளிலேயே பலர் நம்பினார்கள். அவர்களை நான் குறை கூறமாட்டேன். நம்பியதோடு நில்லாமல் பரீட்சித்தும் பார்த்தார்கள். அந்தப் பரீட்சையின் முடிவைக் காதில் வாங்காமல் பழைய நம்பிக்கையையே இன்றும் விற்றுக்கொண்டிருப்பவர்களைத்தான் கண்டிக்கவேண்டும்.

அந்தப் பரீட்சை பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் நடந்தது. ஐம்பது வயதுக்கும் அறுபத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட, புகைபிடிக்கும் வழக்கமுள்ள 29,133 ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். ஆன்டி ஆக்ஸிடன்டுகளில் கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம் சிலருக்கு, வைட்டமின் ஈ சிலருக்கு, இரண்டும் சேர்த்துச் சிலருக்கு, வெறும் போலி மாத்திரை சிலருக்கு என்று பிரித்து, யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல், ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். 1994-இல் முடிவு வெளியாயிற்று. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில், பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் அது நூற்றுக்கு 18 வீதம் அதிகப்பட்டிருந்தது. ஒரு பரீட்சையை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பவர்கள், அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த மற்றொன்றைக் கவனிக்கவேண்டும்: பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்து உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், மொத்த மரணம் 17 சதவீதமும் மிகுந்துவிட்டபடியால், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே 1996 ஜனவரியில் அதை நிறுத்தவேண்டியதாயிற்று. புகைபிடிப்பவர்களின் சமாசாரம் நமக்கெதற்கு என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஆரோக்கியமான முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் வைட்டமின் ஈ-யைச் சோதித்தபோது, பிராஸ்டேட் புற்றுநோய் அதை உண்டவர்களிடம் 17 சதவீதம் கூடியிருந்தது என்று 2011-இல் அறிவித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும், "நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாதே!" என்று ஒருவர் சொல்வாரானால், அவர் வாதத்துக்கு அறியாமையைத் தவிர வேறு ஆதாரமில்லை.

மருந்தென்று உண்டது ஏன் தீங்காயிற்று? சுவீடனின் கோதன்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் எலிகளிடம் ஒரு விடை கண்டார்கள். டி.என்.ஏ. பழுதானால் அதை உணர்ந்து, அணு பெருகுவதை நிறுத்தவோ அந்த அணுவையே மாய்க்கவோ செய்யும் பி53 என்னும் புரதம் ஒன்று நம் உயிரணுக்களில் இருக்கிறது. நுரையீரலில் அரும்பிய கட்டிக்குள் பழுது மிகும்போது இந்த பி53 விழித்துக்கொண்டு கட்டியை அடக்குகிறது. ஆன்டி ஆக்ஸிடன்ட் மருந்தோ அந்தப் பழுதை மட்டுப்படுத்தி, கட்டியின் அணுக்களுக்கு நிம்மதி அளித்துவிடுகிறது. திருடன் வீட்டுக்குள் புகுந்த பிறகு, தூக்கம் கெடுகிறதென்று நாயின் வாயைக் கட்டியது போலாயிற்று காரியம்.

இதைவிட ஆழமான பிசகு ஒன்றும் இந்த நம்பிக்கையில் இருக்கிறது. டி.என்.ஏ.யைச் சிதைப்பது பிராணவாயு மட்டுமன்று. உயிரணுவில் நிறைந்திருக்கும் சாதாரணத் தண்ணீரே அதைச் சிதைக்கிறது. ஒவ்வோர் அணுவிலும் டி.என்.ஏ. வாசகத்தின் எழுத்துகளில் நாளொன்றுக்குச் சுமார் 10,000 தண்ணீரின் செயலால் தாமாகவே உதிர்கின்றன. எந்த மாத்திரை இதைத் தடுக்கும்? உதிராமல் உருமாறும் எழுத்துகளும் உண்டு. சைட்டோசின் என்ற எழுத்து தண்ணீரோடு வினைபுரிந்து யுராசில் ஆகிவிடுகிறது. அதை அப்படியே விட்டுப் பிரதி எடுத்தால் வாசகமே பிழைபட்டுப் போகும். ஆனால் ஒரு நொதி டி.என்.ஏ. இழைநெடுகத் தடவிச் சென்று, யுராசிலை இனங்கண்டு, அந்த ஓர் எழுத்தை மட்டும் வெளியே புரட்டிக் கத்தரிக்கிறது. இன்னொன்று அவ்விடத்து இழையை வெட்டுகிறது. மூன்றாவது எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை வைக்கிறது. நான்காவது முனைகளை ஒட்டுகிறது. யுராசிலைக் கத்தரிக்கும் நொதியை 1974-இல் கண்டறிந்த தாமஸ் லிண்டாலுக்கு, வேறு செப்பனிடும் முறைகளை விளக்கிய பால் மாட்ரிச், அஜீஸ் சஞ்சார் ஆகியோரோடு சேர்த்து 2015-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆகவே பழுது நித்தியம். அதைச் செப்பனிடுவது கைகூடுகிறதா இல்லையா என்பதே கேள்வி. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை வியாதியில், சூரிய ஒளியால் விளையும் பழுதை வெட்டியெடுக்கும் சக்தி குன்றிவிடுவதால், பாலப் பருவத்திலேயே தோலில் புற்று வருகிறது. காக்கெய்ன் என்ற மற்றொரு வியாதியிலும் செப்பனிடும் சக்தியே கெடுகிறது. அந்தக் குழந்தைகளுக்கோ புற்றுநோய் வருவதில்லை, அகால மூப்புத்தான் வருகிறது. பழுதோடு பெருகும் அணு புற்றுக்கு வித்தாகிறது. பழுதைக் கண்டு நின்றுபோகும் அணுவும் மாயும் அணுவும் மூப்புக்கு வழியாகின்றன. பி53 வழக்கத்துக்கு மீறித் தீவிரமாக இயங்கும் எலிகளை 2002-இல் ஆராய்ந்தபோது, அவற்றுக்குக் கட்டிகள் குறைவாக வந்தன, ஆனால் அவை சீக்கிரமே கிழடு தட்டின. மூப்பையும் புற்றையும் ஒரே மாத்திரையால் விரட்டுவதாகச் சொல்பவர்கள் இந்த எலிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

மற்ற வதந்திகளுக்கு இத்தனை பிரயாசை வேண்டியதில்லை. செல்போனின் அலைகளுக்கு டி.என்.ஏ.யின் பிணைப்பை அறுக்கும் சக்தி கிடையாது. "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை, எனக்கு வராது" என்பது வீண் தைரியம். புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரைப் பிழையால் வருபவை. குரோமோசோம் முனையிலுள்ள டெலோமியரை நீட்டி இளமை தருவதாகச் சொல்லும் மாத்திரைகளை வாங்குமுன், புற்றணுக்களில் மிகப் பெரும்பாலானவை அந்த முனைகளை நீட்டித்தான் ஓயாமல் பெருகுகின்றன என்பதை அறிந்துகொள்வது நலம்.

டி.என்.ஏ.யின்மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள் செய்யத்தக்க காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு சிகரெட் குடித்தால், நுரையீரலின் ஒவ்வோர் அணுவிலும் சராசரியாக 150 பிழைகள் நிரந்தரமாகப் பதிகின்றன என்று 2016-இல் கணக்கிட்டார்கள். புகையிலுள்ள பென்சோபைரீன், பி53-இன் மரபணுவிலேயே, நுரையீரல் புற்றில் அடிக்கடி பிழைபடும் அதே இடங்களில் ஒட்டிக்கொள்கிறது என்பது 1996-லேயே தெரிந்துவிட்டது. நம் ஊரில் புகையைவிட வாயில் அடக்கும் புகையிலை பெரிய கொடுமை. புகையிலை சேராத பாக்குமே தனியாகப் புற்றை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் எதையும் விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பள்ளி வாசலுக்கு எதிரிலுள்ள பெட்டிக்கடையில் மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்திலேயே புகையிலைப் பொட்டலச் சரமும் தொங்குமானால், உங்கள் பேரப்பிள்ளை படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் போய் ஒரு புகார் மனு எழுதச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டு, காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.