பால மேதைகளும் பத்திரிகைத் தலைப்புகளும்

சி.பி.எஸ்.இ. முடிவுகள் வந்தால் டெல்லியில் கேமராக்கள் முதல் மதிப்பெண்காரரின் வீட்டுக்கு ஓடும். மாணவர்களிடையிலான போட்டியைத் தணிக்கவே 2023-ல் வாரியம் தகுதிப் பட்டியலை வெளியிடவில்லை. தமிழகம் 2017-லேயே ரேங்க் அறிவிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் திறமைசாலிகளைப் பற்றி ஊடகங்கள் பரப்பிய நம்பிக்கைகள் இன்னும் மாறவில்லை.

நம்பிக்கை: பால மேதை என்றால் ஒன்று தெய்வப் பிறவி, அல்லது போலி.

உண்மை: பிகாரைச் சேர்ந்த ததாகத் அவதார் துளசி 12 வயதில் எம்.எஸ்சி. முடித்தபோது ஊடகங்கள் கொண்டாடித் தீர்த்தன. 2001-ல், டெல்லியில் இயங்கும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அவரை ஜெர்மனியில் நடந்த லிண்டாவ் நோபல் அறிஞர்கள் மாநாட்டுக்கு அனுப்பியது. சில விஞ்ஞானிகள் சந்தேகம் எழுப்ப, ‘போலி மேதை’ என்ற முத்திரை விழுந்தது. அப்போது அவருக்கு வயது 13.

இரண்டு சித்திரங்களுமே பொருந்தவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குவாண்டம் கணினிகளுக்கான தேடல் முறையை ஆராய்ந்து, 21 வயதில் துளசி முனைவர் பட்டம் பெற்றார். அந்த முறையைக் கண்டுபிடித்தவர் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த லவ் குரோவர். அவருடன் சேர்ந்து துளசி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். மாநாட்டுப் பரபரப்புக்குக் கிடைத்த இடத்தில் சிறு பங்குகூட இந்த உழைப்புக்குக் கிடைக்கவில்லை.

நம்பிக்கை: சின்ன வயதில் ஜொலிப்பவர்கள் வளர்ந்ததும் மங்கிவிடுவார்கள்.

உண்மை: இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம், 1909-ல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்த வில்லியம் சைடிஸ். பிற்காலத்தில் ஒதுங்கி வாழ்ந்தவரை 1937-ல் ‘நியூயார்க்கர்’ இதழ் தேடிப்பிடித்து எழுதியது. அந்தரங்கத்தைக் குலைத்ததாக அவர் தொடுத்த வழக்கு 1940-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஒருவர் வாழ்க்கை எல்லோருக்கும் சான்றாகாது. உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921 முதல் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த சுமார் 1,500 திறமைசாலிக் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்ந்தார்கள்.

நம்பிக்கை: ஒரே தேர்வு திறமையைக் காட்டிவிடும்.

உண்மை: அந்தக் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்க டெர்மன் நடத்திய நுண்ணறிவுச் சோதனையில் தேர்வாகாத வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் இருவரும் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

நம்பிக்கை: திறமை இருந்தால் தானாக வெளியே வந்துவிடும்.

உண்மை: தேடினால்தான் கிடைக்கும். என்.சி.இ.ஆர்.டி. 1963-ல் டெல்லி மாணவர்களுக்கு மட்டும் 10 உதவித்தொகைகளோடு திறனறித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் 350 என விரித்தது. அதிலிருந்து வளர்ந்த தேசிய திறனறித் தேர்வு 2021-க்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. செய்தியாளர்கள் சாதனைச் சிறுவர்களின் வீட்டுக்குப் போவதோடு நிற்காமல், திறமையான பிள்ளைகளுக்குக் கைகொடுத்த இத்தேர்வு ஏன் நின்றது என்று அரசிடம் கேட்க வேண்டும்.