சுங்கச்சாவடிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள்

தாம்பரத்திலிருந்து வள்ளியூர் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். பொங்கலுக்கு ஒரு தடவை, ஊர்க் கொடைக்கு ஒரு தடவை என்று பதினோரு வருடமாக அந்தத் தூரத்தை என் 350 சிசி பைக்கில்தான் போய் வருகிறேன். முதல் தடவை ஊர் போய்ச் சேர்ந்த சாயங்காலம் இன்னும் நினைவிருக்கிறது. அம்மா காபியோடு வந்தாள். நான் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வாங்கிக் குடித்தேன். "ஏய்யா, நின்னுக்கிட்டே குடிக்கியே, உக்காரு" என்றாள். உட்கார முடியவில்லை. இரண்டு நாள் குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன்.

650 கிலோமீட்டர் என்றால் உடம்பு வலிக்கத்தான் செய்யும் என்று அப்போது நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது கொல்லிமலை. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏறி, மலை மேலே நாள் முழுக்கச் சுற்றி, மாலையில் இறங்கினேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில்தான் இருந்தேன். இறங்கி நிற்கும்போது தோள் கொஞ்சம் அசதியாக இருந்ததே தவிர, உட்காரும் இடத்தில் ஒரு வலியும் இல்லை. அதே வண்டி, அதே சீட். மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பு இடம் மாறுகிறது. ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு எடை போகிறது, பிரேக் போடும்போது கால் தாங்குகிறது. நான்கு வழிச் சாலையில் விழுப்புரம் தாண்டினால் திருச்சி வரை வண்டியே நேராகப் போகிறது. நாம் பொம்மை போல உட்கார்ந்திருக்கிறோம். வலிக்குக் காரணம் தூரம் இல்லை, அசையாமல் இருப்பதுதான். நீண்ட பயணத்துக்காக நான் பழகிக்கொண்ட அத்தனையும் இந்த ஒன்றிலிருந்து வந்தவை.

உங்கள் வீட்டுத் திண்ணையிலோ சிமெண்ட் படியிலோ உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பிட்டத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். இடுப்புக்கூட்டின் அடிமுனைகள் அவை. நம் எடையைத் தாங்க வேண்டியவை அவைதான். அங்கே தோலும் தசையும் எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்குகின்றன; நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது; முதலில் சூடு போலத் தெரியும், பிறகு எரியும், பிறகு மரத்துப்போகும். எடையை அரை நிமிடம் எடுத்துவிட்டால் ரத்தம் திரும்பப் பாய்கிறது. எரிய ஆரம்பிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், ரகசியம் அவ்வளவுதான். எரிச்சல் தொடங்கிய பிறகு எவ்வளவு ஓய்வு எடுத்தாலும் அன்று முழுக்க அது பாதிதான் அடங்கும்.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல கணக்கு சுங்கச்சாவடிகள். பைக்குக்குச் சுங்கம் கிடையாது. ஓரத்தில் தனி வழி விட்டிருப்பார்கள். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, கப்பலூர் என்று ஏறக்குறைய 50, 60 கிலோமீட்டருக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. அந்த ஓர வழியில் எப்படியும் வேகம் குறையும். வேகம் குறைந்ததும் ஃபுட்ரெஸ்ட்டில் கால் ஊன்றி, முட்டியை லேசாக மடக்கி, சீட்டிலிருந்து எழுந்து நிற்பேன். முப்பது எண்ணும்வரை அப்படியே மெதுவாகப் போவேன். முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது மட்டும். ஒன்று விட்டு ஒரு சாவடியில் வண்டியை ஓரம்கட்டி இறங்கிவிடுவேன். ஹெல்மெட்டைக் கழற்றி, பத்து நிமிடம் நடை. டீக்கடை பெஞ்சில் போய் உட்காருவது ஓய்வு இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். உட்கார்ந்து வந்த உடம்பை மறுபடி உட்காரவைப்பதில் என்ன பலன்? டீயை நின்றே குடியுங்கள். ஒரு காலை வண்டியின் ஃபுட்ரெஸ்ட் மேல் வைத்து முன்னால் குனிந்தால் தொடையின் பின்பக்கம் இழுபடும். மறு காலுக்கும் அதையே செய்யுங்கள்.

அடுத்தது சீட். இதில் பணமும் போய் வலியும் வாங்கியிருக்கிறேன். இரண்டாவது பயணத்துக்கு முன்னால் ஒரு கடையில் சீட்டைக் கொடுத்து, "நல்லா மெத்து மெத்துன்னு பண்ணுங்க" என்றேன். அவர்களும் அப்படியே செய்து கொடுத்தார்கள். கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தபோது தலையணை மேல் உட்கார்ந்தது போல சுகம். உளுந்தூர்பேட்டை வரும்போது அந்த மெத்தை முழுக்க அமுங்கி, எலும்பு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் இடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்த ஃபோம் தொடையை இறுக்கிப் பிடித்து, காற்றே புகாமல் வேர்வையில் ஊறியது. பழைய சீட்டே தேவலாம் என்று ஆகிவிட்டது.

சரியான சீட்டைச் செய்து கொடுத்தவர் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருந்த ஒரு வயதான பாய். சீட்டைக் கழற்றவே விடவில்லை. என்னை வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, பக்கவாட்டில் குத்தவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு எலும்பும் படுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மெத்தையில படுத்துக்கினா போற தம்பி? எலும்பு நிக்க கெட்டியா எடம் வேணும்பா" என்றார். பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி ரெக்ஸினை உரித்தார். சாக்பீஸ் போட்ட இடத்தில் பழைய ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, பல நிறத் துண்டுகளை அழுத்திச் செய்த கெட்டியான ரீபாண்டட் ஃபோமைப் பதித்து ஒட்டினார். மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் மென்மையான ஃபோம். டேங்க் பக்கம் சரிந்திருந்த சீட்டை மட்டமாக்கினார். அந்தச் சரிவுதான் ஒவ்வொரு பிரேக்குக்கும் என்னை முன்னால் தள்ளி, உள்ளாடையைச் சுருக்கி, கவட்டையில் உரசிக்கொண்டிருந்தது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சீட்டை மதிப்பிடாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் கெட்டியாக, கொஞ்சம் அந்நியமாகத் தெரிகிற சீட்டுதான் ஐந்தாவது மணி நேரத்தில் காப்பாற்றும். புது சீட்டை மகாபலிபுரம், செங்கல்பட்டு என்று இரண்டு மூன்று சின்னப் பயணங்களில் பழக்கிய பிறகே நீண்ட பயணத்துக்கு எடுத்துப் போங்கள். சீட்டை வெட்ட மனம் வராதவர்கள் மேலே வைத்துக் கட்டும் காற்றுக் குஷன் வாங்கலாம். நல்ல பொருள்தான். ஆனால் பலரும் அதில் பந்து போலக் காற்றடித்துவிட்டு ஆடுகிறது என்கிறார்கள். உட்கார்ந்துகொண்டு காற்றைத் திறந்துவிட்டு, எலும்பு அடியைத் தொடாமல் மயிரிழையில் மிதக்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும். டாக்ஸிக்காரர்கள் போடும் மரமணி விரிப்பும் காற்று புக உதவும். நழுவாமல் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.

உடை விஷயத்தில் ஜீன்ஸை நம்பாதீர்கள். அதன் கனத்த தையல் நான்கும் சந்திக்கிற இடம் சரியாக நாம் உட்காரும் இடத்தில் இருக்கிறது. காட்டன் உள்ளாடை வீட்டுக்கு நல்லது, வண்டிக்கு இல்லை. வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்துக்கொண்டு தோலை உரசிப் புண்ணாக்கும். விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும், தொடை வரை நீண்ட, சீக்கிரம் காயும் இறுக்கமான ஷார்ட்ஸ் போதும். கிளம்பும் முன் உரசும் இடங்களில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்வேன். பவுடர் வேண்டாம். வேர்வையில் குழைந்து கட்டிகட்டியாகி அதுவே அறுக்கும்.

பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. மூன்று வருடம் வலது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தது. சீட், ஷாக் அப்சார்பர், சாலை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் என் பேண்ட்டைப் பார்த்துவிட்டு, "வண்டி ஓட்டும்போதும் பர்ஸ் அங்கேதான் இருக்குமா?" என்று கேட்டார். ஒரு பக்கம் தடிமனாக எதையாவது வைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் இடுப்பு கோணுகிறது, அங்கே ஓடும் நரம்பும் அழுத்தப்படுகிறது. பர்ஸை டேங்க் பைக்கு மாற்றினேன். இரண்டு மாதத்தில் இழுப்பு நின்றது. கால் மரப்பு அடுத்த நாளும் போகவில்லை, வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது என்றால் சீட்டை நோண்டிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டை மாற்றலாம், ஃபுட்ரெஸ்ட் இருக்கும் இடத்தை மாற்றுவது எளிதல்ல. கால் முன்னால் நீட்டி உட்காரும் வண்டிகள் பார்க்க ராஜநடையாக இருக்கும். ஆனால் காலில் எடை இறங்க வழியே இல்லை. மொத்தமும் வால் எலும்பில் விழும். எழுந்து நிற்கவும் முடியாது. கால் நமக்கு நேர் கீழே வரும் வண்டியே தூரத்துக்கு ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து. பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைப் படிப்படியாக இறுக்கும் வசதி பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. தனியாகப் போகும்போது ஒரு அளவு, ஆளும் மூட்டையும் ஏறும்போது அதைவிட இறுக்கம். அதை விட்டுவிட்டு டயரில் காற்றைக் குறைத்து மென்மையாக்கப் பார்ப்பது ஆபத்து.

கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் விரல் மரக்கும், தோள் இறுகும், அந்த இறுக்கம் முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும். முட்டிகளால் டேங்கை லேசாக அணைத்துக்கொண்டால் கைக்கு வேலை குறையும். கயத்தாறு தாண்டிக் காற்றாலைகள் தெரியத் தொடங்கும்போது இது ரொம்ப முக்கியம். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று வண்டியையே தள்ளும். கையால் அதோடு மல்லுக்கட்டினால் கழுத்து போய்விடும். முட்டியை இறுக்கி, கையைத் தளர்த்தி, வேகத்தை 60க்குக் குறைத்தால் வண்டி தானே சாய்ந்து சமாளித்துக்கொள்ளும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். வழியில் கழிப்பறைக்குப் பயந்து பலர் குடிப்பதில்லை. அதனால் தசை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், தலையும் வலிக்கும். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை லிட்டர் குடிக்கிறேன். வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோர். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் தூக்கமும் வரும், பெல்ட்டும் இறுக்கும். வழியில் இட்லிக்கு மேல் நான் போவதில்லை.

24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர் ஓட்டினால் சான்றிதழ் தரும் சங்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. நம் நாட்டிலும் அதைச் செய்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். எனக்கு 650 கிலோமீட்டர் ஒரு நாளைக்கு நிறைவு. மனைவியும் வந்தால் திருச்சியில் இரவு தங்கிவிடுகிறோம்.

அப்படித் தங்க ஆரம்பித்தது பாய் செய்து கொடுத்த சீட்டில் போன முதல் பயணத்தில்தான். சமயபுரத்தில் இறங்கியபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் வண்டிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். "உங்க சீட்டை மாத்தினீங்க. நான் உக்கார்றது அதே பழைய பலகைதானேங்க" என்றாள். பின்சீட்டு முன்சீட்டைவிட ஒடுக்கம், உயரம். சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதால் குழியின் அடி முழுக்க அங்கேதான் போகிறது. முன்னால் வரும் பள்ளமும் பிரேக்கும் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, அதனால் உடம்பைத் தயார்ப்படுத்திக்கொள்ளவும் முடியாது. சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தால் முதுகுத்தண்டு வழி நெடுக முறுக்கிக்கொண்டே இருக்கும். இவ்வளவும் நான் ஓட்டுகிற வண்டியிலேயே நடந்தும், அவள் சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே பாய் கடைக்கு அவளையும் கூட்டிப் போனேன். அவளை உட்காரவைத்துச் சாக்பீஸ் வட்டம் போட்டார். இப்போது சுடிதாரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து வருகிறாள். சாவடி வரும்போது என் தோளை ஒரு முறை தட்டுவாள், இருவரும் சேர்ந்து எழுந்து நிற்போம். நீங்கள் சீட் கடைக்குப் போகும்போது பின்சீட்டில் வருகிறவரையும் கையோடு அழைத்துப் போங்கள்.